ரீனோவின் முன் இருந்த வழிகள்: எண்ணிக்கையில் சிறுத்த குதிரைப்படை தன்னைக் காத்துக்கொள்வது எப்படி

1876 ஜூன் 25ஆம் நாள் பிற்பகல் மூன்று மணியளவில், அமெரிக்க ஏழாம் குதிரைப்படையைச் சேர்ந்த மேஜர் மார்கஸ் ரீனோ மூன்று கம்பெனிகளுடன் மொண்டானாப் பகுதியில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றைக் கடந்து, மேற்குக் கரைச் சமவெளியில் வடக்கு நோக்கிக் குதிரைகளைச் செலுத்தினார். அவரிடம் ஏறத்தாழ 140 வீரர்களும், பெரும்பாலும் அரிகாரா இனத்தவரான 35 வேவுக்காரர்களும் இருந்தனர். எதிரே லகோடா, ஷெயென் பூர்வகுடி மக்களின் பெருங்குடியிருப்பு ஒன்று ஆற்றோரமாக நீண்டு கிடந்தது; அதிலிருந்து போரிட வரக்கூடியவர்கள் 1,500 முதல் 2,000 பேர் வரை என்று பொதுவாக மதிப்பிடப்படுகிறது. ஒன்றரை மணி நேரத்துக்குள் ரீனோவின் படையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறந்தோ, காயமுற்றோ, காணாமலோ போயிருந்தது. எஞ்சியவர்கள் ஆற்றின் கிழக்கே ஒரு குன்றின் உச்சியில் மூச்சிரைக்கக் கிடந்தார்கள்.

எல்லைப்புறப் போர்களைப் படிப்பவர்கள் பொதுவாக ஏழாம் படையின் தளபதி கஸ்டரின் முடிவைப் பற்றியே பேசுகிறார்கள். அவருடைய ஐந்து கம்பெனிகளிலிருந்து ஒருவரும் உயிர் தப்பாததால் அங்கே நடந்தவற்றில் பாதி ஊகமாகவே நிற்கிறது. ரீனோவின் கதை அப்படியல்ல. பிழைத்தவர்கள் சாட்சி சொன்னார்கள். எதிர்த்தரப்பில் போரிட்டவர்களும் பின்னாளில் தம் நினைவுகளைச் சொன்னார்கள். மேலும், பெரும்படையிடம் சிக்கிய சிறு குதிரைப்படைக்குத் திறந்திருக்கும் வழிகளில் பெரும்பாலானவை அந்த ஒரே பிற்பகலில் ஒன்றன்பின் ஒன்றாக அவர் முன் வந்து நின்றன. அவர் கைவிட்ட வழிகளை வேறு தளபதிகள் வேறு களங்களில் மேற்கொண்டிருக்கிறார்கள். ஆகவே அந்த வழிகளை ஒன்றோடொன்று வைத்து எடைபோட முடியும்.

அதற்கு முன் சொல்லியாக வேண்டிய ஒன்று உண்டு. 1868ஆம் ஆண்டு லாரமி கோட்டை ஒப்பந்தம் கருங்குன்றங்களை லகோடாக்களுக்கு உரியதாக ஒப்புக்கொண்டது. 1874இல் கஸ்டர் தலைமையில் சென்ற பயணம் அங்கே தங்கம் இருப்பதை உறுதிசெய்த பின், அந்த ஒப்பந்தத்தை அமெரிக்க அரசே மீறியது. 1876 ஜனவரி 31க்குள் அரசு தமக்கென ஒதுக்கிய இடங்களுக்குத் திரும்பாதவர்கள் பகைவர்களாகக் கருதப்படுவார்கள் என்ற ஆணை, நடுக்குளிர்காலத்தில் நிறைவேற்ற முடியாத ஆணை. ஆற்றங்கரையில் இருந்தவர்கள் தம் வீடுகளையும் குழந்தைகளையும் காக்கவே ஆயுதம் எடுத்தார்கள். இதை நான் நியாயத்துக்காக மட்டும் சொல்லவில்லை. போர்முறைக் கணக்குக்கும் இது தேவை. வழக்கமாகச் சமவெளி மக்கள் பேரிழப்பைத் தவிர்த்து, விலகி விலகிப் போரிடுவார்கள் என்று இராணுவ அதிகாரிகள் எதிர்பார்த்தார்கள். குடும்பங்கள் தோட்டா எட்டும் தொலைவில் இருந்தபோது அந்த எதிர்பார்ப்பு பொய்த்தது.

அக்காலக் குதிரைப்படை உண்மையில் குதிரையில் பயணம் செய்யும் துப்பாக்கிப் படையே. ஏழாம் படையினர் வாள்களைப் பயணத் தொடக்கத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு தோட்டா மட்டுமே இடக்கூடிய 1873 வகை ஸ்பிரிங்ஃபீல்ட் குறுந்துப்பாக்கியும், ஒரு கோல்ட் ரிவால்வரும் இருந்தன. குறுந்துப்பாக்கிக்கு ஆளுக்கு 100 தோட்டாக்கள். அவற்றில் ஏறத்தாழ பாதி உடம்பில், மீதி சேணப்பையில். ஓடும் குதிரையின் மேலிருந்து குறி தவறாமல் சுடுவது அரிது என்பதால், பயனுள்ள சண்டை என்றால் இறங்கித்தான் போட வேண்டும். இறங்கினால் நான்கு நான்கு பேராக எண்ணப்பட்டவர்களில் நான்காவது ஆள், தன் குதிரையோடு மற்ற மூவரின் குதிரைகளையும் பிடித்துக்கொண்டு பின்னால் போய்விடுவார். இறங்கிய நொடியிலேயே சுடும் கைகளில் கால் பங்கு குறைகிறது. சேணப்பையில் இருக்கும் தோட்டாக்களும் குதிரையோடு போகின்றன. இந்த இரண்டு கணக்குகளை மறந்துவிட்டு எந்த வழியையும் மதிப்பிட முடியாது.

முதலாவது வழி, பாய்ந்துகொண்டே போவது. குடியிருப்பைத் தாக்கும்படியும், முழுப்படையும் பின்னால் துணைக்கு வரும் என்றும் கஸ்டர் சொல்லியனுப்பியிருந்தார். ரீனோ இரண்டு தூதர்களை அனுப்பிப் பார்த்தும் அந்தத் துணை கண்ணுக்குத் தெரியவில்லை. எதிரே தூசி எழுந்து, குதிரைவீரர்கள் திரளத் தொடங்கியதும் அவர் பாய்ச்சலை நிறுத்தினார். இதற்காக அவரைக் கோழை என்றவர்கள் உண்டு. நூற்று நாற்பது பேர், களைத்த குதிரைகளோடு, கூடாரங்களும் கயிறுகளும் நிறைந்த இடத்துக்குள் நுழைந்திருந்தால் அணி சிதறி, ஒவ்வொருவரும் தனித்தனியே சூழப்பட்டிருப்பார்கள். இந்த வழியைப் பற்றி மேலும் பேச எனக்கு எதுவும் இல்லை, நிறுத்தியது சரி.

இரண்டாவது, வெட்டவெளியில் இறங்கி வரிசையாக நிற்பது. ரீனோ அதைத்தான் செய்தார். குதிரைகளை வலப்புறம் இருந்த ஆற்றோரக் காட்டுக்குள் அனுப்பிய பின் வரிசையில் நின்றவர்கள் ஏறத்தாழ 95 பேர். ஆளுக்கு ஆள் ஐந்து கஜம் இடைவெளி என்ற அன்றைய பயிற்சி விதியின்படி முழுதாக விரித்து நிறுத்தியிருந்தாலும் அந்த வரிசை 500 கஜத்தைத் தொட்டிருக்காது. பள்ளத்தாக்கு அதைவிட அகலமானது. வலப்பக்கம் காட்டில் ஊன்றி நின்றது. இடப்பக்கம் வெறும் புல்வெளியில் முடிந்தது. அந்த இடப்பக்கத்தில் இருந்த அரிகாராக்களில் பலர் குடியிருப்பின் குதிரை மந்தைகளை ஓட்டிக்கொண்டு போவதற்குப் பிரிந்ததால் அது மேலும் மெலிந்தது. கால் மணி நேரத்துக்குள் லகோடா குதிரைவீரர்கள் அந்த முனையைச் சுற்றி வந்துவிட்டார்கள். ஆனாலும் இந்த நேரத்தில் ரீனோவின் பக்கம் விழுந்தவர்கள் மிகச் சிலரே. இறங்கி, ஒழுங்காக நின்று சுடும் வரிசையை நேரே குதிரையில் வந்து உடைக்க எவரும் விரும்பவில்லை. இந்த வழி நேரத்தை வாங்கித் தரும். பக்கவாட்டைக் காக்க இயற்கை அரண் இல்லையேல் அந்த நேரம் மிகக் குறுகியது.

மூன்றாவது வழிதான் நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது: காட்டுக்குள் நிலைகொள்வது. ஆறு முன்னொரு காலத்தில் ஓடிய பழைய வளைவு ஒன்று அங்கே ஒரு பள்ளமாக, மரங்களும் புதர்களும் அடர்ந்து கிடந்தது. பள்ளத்தின் விளிம்பு வீரர்களுக்கு இயற்கையான மார்புச்சுவராக அமைந்தது. குதிரைகள் மறைவாக இருந்தன; சேணப்பைத் தோட்டாக்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன; ஆறு அருகிலேயே ஓடியது. எல்லாவற்றுக்கும் மேலாக, குடியிருப்பின் விளிம்பிலேயே ஒரு படை நிற்கும்வரை எதிரிகளில் பெரும் பகுதியினர் அதை விட்டு நகர முடியாது. கஸ்டர் அந்நேரம் கிழக்கு மேடுகளின் வழியே வடக்கே போய்க்கொண்டிருந்தார் என்பதை அறிந்த நமக்கு, காடு கைவிடப்பட்டதன் விலை எவ்வளவு பெரியது என்று தெரிகிறது. ரீனோவோடு சண்டையிட்ட நூற்றுக்கணக்கானோர் விடுபட்டு அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

இந்த வழியை ஆதரிப்பவர்கள் காட்டும் வலுவான சான்று, ரீனோ வெளியேறியபோது உத்தரவு கேளாமலோ குதிரை இழந்தோ காட்டிலேயே தங்கிவிட்டவர்களின் கதை. அவர்களில் ஜார்ஜ் ஹெரண்டீன் என்ற வேவுக்காரர் பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்து, ஓடவிடாமல் அடக்கி வைத்து, அன்று மாலையே பெரும்பாலும் நடந்தே ஆற்றைக் கடந்து குன்றுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். தண்ணீரும் உணவும் போதிய தோட்டாக்களும் இருந்தால் நூறு பேர் அந்தக் காட்டைக் காத்திருக்கலாம் என்று அவர் பின்னர் விசாரணையில் சாட்சியமும் அளித்தார். ஆனால் இந்தச் சான்றை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. அந்தச் சிலர் தப்பியது காடு காத்ததால் மட்டும் அல்ல. எதிரிகள் முதலில் ஓடியவர்களைத் துரத்தியும், பின் கஸ்டரை நோக்கித் திரும்பியும் போய்விட்டதால்தான். 130 பேர் அங்கே தங்கியிருந்தால் எதிரிகளில் ஒருவரும் விலகிப் போயிருக்க மாட்டார்கள். காட்டின் சுற்றளவு அந்த எண்ணிக்கைக்குப் பெரிது. எதிரிகள் அடிமரங்களினூடே ஆற்றுப் பக்கமாகவும் ஊர்ந்து வந்துகொண்டிருந்தார்கள். புல்லுக்கும் புதருக்கும் தீ வைக்கப்பட்டது. ஹெரண்டீன் குறிப்பிட்ட நிபந்தனைகளுள் தண்ணீர் மட்டுமே கையில் இருந்தது. உணவும் உபரித் தோட்டாக்களும் கோவேறு கழுதைகளோடு பல மைல் பின்னால் வந்துகொண்டிருந்தன. அந்தக் கழுதைகள் காட்டுக்கு வந்து சேர வழியே இல்லை.

எனவே காட்டை விட்டு வெளியேற நினைத்ததை நான் பிழை என்று சொல்ல மாட்டேன். வெளியேறிய விதம் வேறு செய்தி. ரீனோவின் அருகில் நின்றிருந்த அரிகாரா வேவுக்காரர் பிளடி நைஃபின் தலையில் குண்டு பாய்ந்து, அவருடைய இரத்தமும் மூளையும் ரீனோவின் முகத்தில் தெறித்தன. அந்த அதிர்ச்சியில் ஏறச் சொல்லி, இறங்கச் சொல்லி, மீண்டும் ஏறச் சொல்லி அடுத்தடுத்து ஆணைகள் பிறந்தன. ஊதுகொம்பு ஒலிக்கவில்லை, புதருக்குள் இருந்த பலருக்கு ஆணையே எட்டவில்லை. ரீனோ முன்னால் குதிரையைத் தட்டிவிட, கண்டவர்கள் பின்தொடர்ந்தார்கள். பின்காவல் என்று எந்தக் கம்பெனியும் நிறுத்தப்படவில்லை. ஏறத்தாழ ஒரு மைல் தூரம், எதிரிகள் இரு மருங்கிலும் இணையாக ஓடி, கைக்கெட்டும் தொலைவிலிருந்து சுட்டார்கள். காட்டெருமை வேட்டை போல் இருந்தது என்று அவர்களில் சிலர் பின்னாளில் நினைவுகூர்ந்தார்கள். ஆற்றங்கரை செங்குத்தாக இறங்கியது. எதிர்க்கரையில் ஏறுவதற்குக் குறுகலான ஒரே தடம். குதிரைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. காயம்பட்ட லெப்டினன்ட் ஹாட்ஜ்சன் இன்னொருவரின் சேண வளையத்தைப் பற்றிக்கொண்டு ஆற்றைக் கடந்தும், மறுகரையில் ஏறும்போது கொல்லப்பட்டார். இந்த ஓட்டத்தில் மட்டும் 3 அதிகாரிகளும் 29 வீரர்களும் இறந்ததாகக் கணக்கு. வேவுக்காரர்களும் மொழிபெயர்ப்பாளர் ஐசையா டார்மனும் அதற்கு மேல்.

வெட்டவெளி வரிசையில் மிகச் சிலரும், ஓட்டத்தில் முப்பதுக்கு மேலும் என்ற இந்த வேறுபாடு தற்செயலானது அல்ல. முதுகு காட்டி ஓடும் குதிரைவீரன் திருப்பிச் சுடுவதில்லை. அவனைத் துரத்துபவனுக்கு அபாயமே இல்லை. அதோடு, தானியம் தின்று பழகிய இராணுவக் குதிரைகள் நீண்ட பயணத்தாலும் முந்தைய இரவு நடையாலும் தளர்ந்திருந்தன. எதிரிகள் மந்தையிலிருந்து அப்போதுதான் பிடித்து வந்த குதிரைகளில் ஏறியிருந்தார்கள். ஓட்டம் என்பது குதிரையின் வேகத்தை நம்பிய முடிவு. ஆனால் அந்த வேகம் எதிரியிடமே கூடுதலாக இருந்தது. இதே பாடத்தை 1867 ஜூலையில் கான்சாஸின் வடமேற்கில் லெப்டினன்ட் லைமன் கிடர் தம் உயிரைக் கொடுத்து எழுதிவைத்தார். கஸ்டருக்குக் கடிதம் கொண்டுபோன அவரும் பத்து வீரர்களும் ரெட் பீட் என்ற வழிகாட்டியும் பல மைல் தூரம் குதிரையில் ஓடித் தப்பப் பார்த்து, வழிநெடுகக் குதிரைகளை இழந்து, கடைசியில் ஓடையோரம் ஒரு தாழ்நிலத்தில் அனைவரும் மாண்டார்கள். தடத்தைப் பின்பற்றிச் சென்று அந்த உடல்களைக் கண்டெடுத்தவர் கஸ்டரே.

ஓட்டத்துக்கும் நிற்பதற்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. அது கட்டம் கட்டமாகப் பின்வாங்குவது. ஒரு பகுதி இறங்கி நின்று சுட, மற்றது பின்னே சென்று அடுத்த மேட்டில் நிலைகொண்டு சுட, முதல் பகுதி அதன் மறைவில் விலகும். எட்டு நாள் முன்பு, ஜூன் 17இல் ரோஸ்பட் ஓடைக்கரையில், அதே போர்த்தொடரில் வேறொரு படையை நடத்திய ஜெனரல் குரூக்கின் படையிலிருந்து விலகித் தனித்துப் போன கர்னல் ராயலின் குதிரைப்படைப் பிரிவு இப்படித்தான் ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு விலகி வந்தது. அது எளிதாக நடந்தது என்று நான் சொல்லவில்லை. குரூக் அன்று இழந்தவர்களில் பெரும்பாலோர் ராயலின் ஆட்களே. கேப்டன் கை ஹென்றி முகத்தில் சுடப்பட்டு விழுந்தார். வ்ரூமின் கம்பெனி ஒரு கட்டத்தில் துண்டிக்கப்பட்டது. கடைசி ஓடையைக் கடந்து குதிரை ஏறும் நொடி மிகக் கொடியதாக இருந்தது. கிரோ, ஷோஷோனி கூட்டாளிகள் எதிர்த்துப் பாய்ந்ததும், நீளமான துப்பாக்கிகளோடு இரண்டு காலாட்படைக் கம்பெனிகள் துணைக்கு வந்ததும்தான் அவர்களை மீட்டன. அத்தனைக்கும் பிறகு, பல மணி நேரம் நீண்ட அந்தப் பின்வாங்கலில் ராயலின் பிரிவு குலையவில்லை. குரூக்கின் படை முழுவதும் அன்று இழந்தது பத்துப் பேர் அளவே. ரீனோ சில நிமிடங்களில் இழந்தது அதைப்போல் மூன்று மடங்கு.

ராயலுக்கு உதவி கிடைத்தது, ரீனோவுக்குக் கிடைக்கவில்லை என்று ஒருவர் மறுக்கலாம். அந்த மறுப்புக்கு அன்று மாலையே ஏழாம் படையே விடை தந்தது. குன்றில் ரீனோவோடு, கஸ்டர் தனியே அனுப்பியிருந்த கேப்டன் பென்டீனின் மூன்று கம்பெனிகள் சேர்ந்த பின், கஸ்டரைத் தேடி வடக்கே ஒரு மைலுக்கு மேல் போனவர்கள், இப்போது வியர் முனை எனப்படும் உயர்ந்த இடத்திலிருந்து எதிரிகள் திரண்டு வருவதைக் கண்டு திரும்ப நேர்ந்தது. அந்தத் திரும்பல் மீண்டும் ஓட்டமாக மாறும் தறுவாயில், லெப்டினன்ட் எட்வர்ட் காட்ஃப்ரி தம் கே கம்பெனியை இறக்கி, குதிரைகளைப் பின்னுக்கு அனுப்பிவிட்டு, ஆட்களை வரிசையில் பரப்பிச் சுட்டபடியே பின்னோக்கி நடத்தினார். ஆட்கள் ஒன்றாக ஒட்டிக்கொண்டு விரைய முயன்றபோதெல்லாம் அவர்களை நிறுத்தி இடைவெளியைச் சரிசெய்தார். ஒரே கம்பெனி, அதே எதிரிகள், அதுவும் இப்போது வெற்றியின் உற்சாகத்தோடு வருபவர்கள், படை முழுவதும் மிகச் சொற்ப இழப்போடு குன்றை அடைந்தது. ரீனோவின் மூன்று கம்பெனிகளில் ஒன்றைக் காட்டின் விளிம்பில் சிறிது நேரம் நிறுத்தியிருந்தால், அல்லது முதலில் ஆற்றைக் கடந்தவர்களை மறுகரையில் இறக்கிச் சுடச் சொல்லியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று கிடைக்காது. பின்காவலாக நிறுத்தப்படும் கம்பெனி பலியாகிவிடும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் மறுகரையில் ஒரு கம்பெனியை நிறுத்துவதில் அந்த அபாயமும் இல்லை. அதற்குத் தேவைப்பட்டது முன்னால் போன தளபதி திரும்பி நின்று சொல்லும் ஓர் ஆணை மட்டுமே.

கடைசி வழி, குதிரையைக் கைவிட்டு மண்ணில் புதைந்துகொள்வது. குதிரைப்படை அதிகாரிக்கு இது மனம் ஒப்பாத முடிவு; தன்னை எல்லைப்புறத்தில் பயனுள்ளவனாக்கும் ஒரே பொருளை அவன் தானாக விட்டுக்கொடுக்க வேண்டும். 1868 செப்டம்பர் 17 விடியலில், கொலராடோவின் கிழக்குப் பகுதியில் அரிக்காரீ ஆற்றில் மேஜர் ஜார்ஜ் ஃபோர்சைத் இதைச் சில நிமிடங்களில் தீர்மானித்தார். ஐம்பது வேவுக்காரர்களை ஆற்று நடுவே இருந்த மணல் திட்டுக்கு நடத்தி, குதிரைகளைச் சுற்றிலும் கட்டி, அவற்றின் மறைவில் கத்திகளாலும் தட்டுகளாலும் குழி தோண்டச் சொன்னார். குதிரைகள் ஒவ்வொன்றாகச் சுடப்பட்டு விழுந்தன; விழுந்த இடத்திலேயே அரணாயின. ஏழு தோட்டாக்கள் இடக்கூடிய ஸ்பென்சர் துப்பாக்கிகள் பாய்ந்து வந்த ஷெயென், லகோடா குதிரைவீரர்களைத் தடுத்தன. புகழ்பெற்ற ஷெயென் வீரர் ரோமன் நோஸ் அன்று மாண்டார். மணலைத் தோண்டினால் தண்ணீர் ஊறியது. உணவுக்கு அழுகத் தொடங்கிய குதிரை இறைச்சி இருந்தது. இரு கால்களிலும் காயம்பட்ட ஃபோர்சைத் முதல் இரவே இருவரை வாலஸ் கோட்டைக்கு ஊர்ந்து போகச் செய்தார். செப்டம்பர் 25இல் பத்தாம் குதிரைப்படையின் கறுப்பின வீரர்கள் கேப்டன் கார்ப்பென்டர் தலைமையில் வந்து மீட்டார்கள். லெப்டினன்ட் பீச்சரும் மருத்துவரும் உட்பட இறந்தவர்கள் ஐந்தாறு பேர். ஐம்பது பேர் பல நூறு பேரிடம் சிக்கிய சண்டைக்கு இது நம்பற்கரிய கணக்கு.

1879 செப்டம்பர் இறுதியில் மில்க் ஓடையருகே யூட் மக்களிடம் சிக்கிய மேஜர் தார்ன்பர்க்கின் படையும் இவ்வாறே பிழைத்தது. தளபதி முதல் நாளே கொல்லப்பட்டார். எஞ்சியவர்கள் வண்டிகளையும் இறந்த குதிரைகளையும் வளையமாக்கிக் கிடந்தார்கள். அக்டோபர் 2இல் ஒன்பதாம் குதிரைப்படையின் ஒரு கம்பெனி வந்து சேர்ந்தும் முற்றுகை உடையவில்லை; அவர்களுடைய குதிரைகளும் மடிந்தன. 5ஆம் தேதி கர்னல் மெரிட் வந்த பிறகே விடுதலை. இந்த வழிக்கு இரண்டு பொருள்கள் உயிர் போன்றவை: கைக்கெட்டும் தண்ணீர், வெளியில் சேதி போய்ச் சேர்ந்திருப்பது. வெளியிலிருந்து எவரும் வரப்போவதில்லை என்றால் குதிரையைக் கொன்றவன் தன் சாவைத் தள்ளிப்போட்டிருக்கிறான், அவ்வளவே. கஸ்டரின் கடைசி மேட்டிலும் குதிரைகளைச் சுட்டு அரணாக்கியிருந்தார்கள். ஆனால் அதற்குள் ஆட்கள் மிகக் குறைந்திருந்தார்கள். வேறொரு மேட்டில் குதிரை பிடித்து நின்றவர்களைத் தேடிச் சுட்டுக் குதிரைகளை விரட்டியதால், சேணப்பைத் தோட்டாக்களும் போய்விட்டிருந்தன என்று கால் (Gall) என்ற லகோடா தலைவர் பின்னர் சொன்னார். இந்த முடிவைத் தோட்டாவும் ஆளும் முழுதாக இருக்கும்போது எடுக்க வேண்டும். எல்லா வழியும் அடைபட்ட பின் எடுத்தால் பயன் தராது.

ரீனோவின் குன்று இவற்றுக்கு நடுவே நிற்கிறது. தண்ணீர் கீழே ஆற்றில், எதிரியின் குறிக்குள் இருந்தது. வடகிழக்கே இருந்த மேட்டிலிருந்து நிலை முழுவதையும் பார்த்துச் சுட முடிந்தது. அரணுக்குரிய இடமாகப் பார்த்தால் காட்டைவிட மோசம். ஆனால் பென்டீனும் தோட்டாச் சுமையோடு வந்த கழுதைகளும் சேரக்கூடிய ஒரே இடம் அதுதான். சேர்ந்ததும் ஆட்கள் 350க்கு மேல் ஆனார்கள். இரவில் கைவிரல் எண்ணிக்கைகூட இல்லாத மண்வெட்டிகளோடும், கத்திகளோடும், தகரக் குவளைகளோடும் குழி தோண்டினார்கள். ரொட்டிப் பெட்டிகளையும் இறந்த விலங்குகளையும் அடுக்கினார்கள். பென்டீன் தம் கம்பெனியைத் தோண்டச் சொல்லவில்லை. மறுநாள் காலை அந்தத் தென்முனையில்தான் இழப்பு கூடுதலாக இருந்தது. நிலை எவ்வளவு குறையுடையதாயினும் மண்ணில் ஓர் அடி இறங்கியவனுக்கும் இறங்காதவனுக்கும் உள்ள வேறுபாட்டை அந்தக் காலை காட்டியது. அதே பென்டீன், எதிரிகள் கல்லெறி தூரத்துக்கு நெருங்கியபோது ஆட்களைத் திரட்டி எதிர்த்துப் பாய்ந்து அவர்களை விரட்டவும் செய்தார். ஒரே இடத்தில் நிற்கும் படை அவ்வப்போது சிறிதாகவேனும் பாயாவிட்டால் வளையம் இறுகிவிடும். தண்ணீருக்காகப் பள்ளம் வழியே இறங்கியவர்களும், அவர்களைக் காக்க எழுந்து நின்று சுட்ட நால்வரும் உட்பட 24 பேர் இந்தப் போரில் உயரிய வீரப்பதக்கம் பெற்றார்கள். 26 மாலை குடியிருப்பு கலைந்து தெற்கே நகர்ந்தது. 27இல் கஸ்டரின் மேலதிகாரி ஜெனரல் டெர்ரியின் படை வந்தது.

அந்தப் பிற்பகலில் அவர் அறிந்தவற்றை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால், நான் இவ்வாறு அடுக்குவேன். வரிசையாக இறங்கி நிற்பது, காட்டை அடைந்து தோட்டாக்களைப் பெறுவதற்குத் தேவையான நேரத்துக்கு மட்டும். காட்டில் தங்குவது, ஆணை எல்லாருக்கும் எட்டி, காயம்பட்டவர்கள் குதிரையில் ஏற்றப்பட்டு, ஒவ்வொரு கம்பெனிக்கும் அதன் வேலை சொல்லப்படும் வரை. பிறகு கட்டம் கட்டமாக வெளியேறி, ஆற்றின் மறுகரையை முதலில் பிடித்து, குன்றில் ஏறியதும் குதிரைகளை மறந்து தோண்டத் தொடங்குவது. இதிலும் பலர் இறந்திருப்பார்கள். ராயலின் அனுபவம் அதைச் சொல்கிறது. காட்டிலேயே நின்றிருந்தால் கஸ்டர் பிழைத்திருப்பாரா என்ற கேள்வி மனத்தை அலைக்கழிக்கக் கூடியதுதான். ஆனால் எங்கே இருக்கிறார் என்றே தெரியாத ஒருவருக்காக 130 பேரைப் பணயம் வைக்கும்படி ஒரு துணைத்தளபதியைக் கேட்பது நேர்மையாகாது.

1879 ஜனவரியில் சிகாகோவில் ரீனோவின் வேண்டுகோளின்பேரில் கூடிய விசாரணை மன்றம், கஸ்டரின் கூட்டத்தை அவர் கைவிட்டாரா, கோழைத்தனம் காட்டினாரா என்பவற்றையே சுற்றிச் சுற்றி வந்தது. கீழ்நிலை அதிகாரிகள் சில வேளைகளில் அவரைவிடக் கூடுதலாகப் படையைக் காத்தார்கள், ஆயினும் அவர் நடத்தையில் கண்டிக்கத்தக்கது எதுவும் இல்லை என்று முடிவுசெய்தது. காட்டை விட்டது சரியா என்பது ஒரு கேள்வி, விட்ட விதம் சரியா என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்கு அந்தத் தீர்ப்பு பொருந்தும். இரண்டாவதற்குப் பொருந்தாது, ஆற்றங்கரையில் திருப்பிச் சுட ஒருவரும் நிறுத்தப்படாததற்கு அவரே பொறுப்பு.